அட்டைப்படத்தில் சிரிப்பவர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. கூலிக்கு எழுதப் போன இடத்தில் கையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஒரு ஹோட்டலுக்கு எழுபத்தைந்து வயது ஆகிறது. அதற்காக ஒரு படப் புத்தகம் போடுகிறார்கள். அறுபத்து நான்கு படங்கள். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதவேண்டும். எழுத்தாளர் யாராவது எழுதினால் கௌரவமாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கௌரவமான எழுத்தாளர்கள் அகப்படாததால் என்னைக் கூப்பிட்டார்கள். ஒன்பது நாள் தங்கல், சாப்பாடு, ஆறாவது மாடியில் வெளிச்சமான அறை. உடனே சரி என்றேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயாவது போனால் போதும் என்றிருந்த நேரம் அது. [இதை விளக்க வேண்டுமா? வேண்டாம். கதை என்னைப் பற்றியதல்ல.]

வாசலில் இறங்கியதும் ஒருவர் வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டார். வயது ஐம்பத்தொன்பது. மெரூன் கோட்டு, அதில் ஒன்பது பித்தளைப் பொத்தான்கள். டியூட்டி அட்டவணையில் அவர் ‘பெல்பாய் 4’. கூட வேலை செய்கிறவர்களுக்குப் பெரியப்பா. பேரன் பேத்தி எடுத்தவரை அன்று வந்த ஒரு இளவட்டம் ‘தம்பி, இதைப் பிடி’ என்றது, அவரும் பிடித்துக்கொண்டார்.

என் பெட்டியைத் தூக்கியவர் ஒரு நொடி நின்றார்.

“இவ்வளவுதானா சார்?”

“இவ்வளவுதான்.”

[பெட்டியில் ஒரு சட்டையும் ஒரு நோட்டும் இருந்தன. ஒன்பது நாளுக்கு ஒரு சட்டை ஏன் என்பது கதைக்குத் தேவையில்லை.]

ரிசப்ஷனில் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் ஆறாவது மாடி அறையில் ஏசி கெட்டுப்போய்விட்டது. அதற்குப் பதிலாக முதல் மாடியில், துணி அடுக்கும் அறைக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்த ஜன்னலோடு ஒன்று கொடுத்தார்கள். ஓசியில் தங்குகிறவனுக்கு இது போதும் என்று நினைத்துவிட்டார்கள் போல. அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கிழித்துப் போட்டவற்றில் இரண்டை இங்கே விட்டுவைக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: ‘பெல்பாய்களை வரைகிறவர்கள் கோட்டைத்தான் வரைகிறார்கள்.’

இது அவ்வளவு மோசமில்லை. மாடிப்படி திரும்பும் இடத்தில் அந்த ஹோட்டலில் ஓர் எண்ணெய் ஓவியம் இருக்கிறது. ஒரு பெல்பாய் நேராக நிற்கிறான். கோட்டின் மடிப்பு, தோளில் தங்க நூல், தாடையின் கீழே தொப்பியின் வார், எல்லாம் அச்சு அசலாக இருக்கின்றன. கைகளை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார் ஓவியர். கை வரைவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெல்பாயிடமிருந்து கையை எடுத்துவிட்டால் மிச்சம் பொத்தான்கள்தான். அவனுடைய பெட்டியும் படத்தில் இல்லை. சுமக்கிறவனைச் சுமையில்லாமல் வரைந்தால் வரவேற்பறைக்கு அழகாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

புகைப்படங்கள் வேறு மாதிரி. எனக்குக் கொடுத்த அறுபத்து நான்கில் பதினொன்றில் பெல்பாய்கள் இருந்தார்கள். பத்தில் அவர்கள் ஓரத்தில். யாரோ பெரிய மனிதர் காரிலிருந்து இறங்குகிறார். கதவைப் பிடித்திருக்கும் கை மட்டும் தெரிகிறது. யாரோ மாலையோடு நிற்கிறார்கள். பின்னால் பாதி முகம். பத்துப் படத்திலும் அவர்களுக்கு முழு உடம்பு கிடைக்கவில்லை.

பதினோராவது படத்தில்தான் ஒருவர் நடுவில் இருக்கிறார். எனக்குத் தந்தது அதன் தபால் அட்டை. அசல் லாபியில், ஒரு முழ உயரமுள்ள கனமான கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறது. சுழல் கதவுக்கு முன்னால் ஓர் இளைஞர். வலது கையில் ஒரு பழுப்பு சூட்கேஸ். முகத்தில் சிரிப்பு. கேமராவுக்காக வரவழைத்த சிரிப்பு அல்ல. உள்ளே இருந்து தானாக வந்தது. ஹோட்டலின் தபால் அட்டையிலும் காலண்டரிலும் முப்பத்தைந்து வருடமாக இந்தச் சிரிப்புதான்.*

அந்த இளைஞர் என் பெட்டியைத் தூக்கிய பெல்பாய் 4.

* படத்தில் எட்டுப் பொத்தான்கள்தான் தெரிகின்றன. ஒன்பதாவதைக் கை மறைக்கிறது. எண்ணிப் பார்த்தேன். எழுதாமல் இருப்பதற்கு எண்ணுவது ஒரு நல்ல வழி.

தொடக்கம் இரண்டு: ‘அவர் சிரித்தபோது, தன் சிரிப்புக்குக் கீழேயே முப்பத்தைந்து வருடம் நடக்கப்போகிறோம் என்று அவருக்கு…’

இதை முடிக்கவில்லை. பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லி வாசகரைப் பிடித்திழுக்கும் வேலை. எனக்கே பிடிக்கவில்லை.

3

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. ஏன் இவர் என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறார்?

முதல் நாள் மாலை கதவைத் தட்டி, “பல்பு மாத்தணும் சார்” என்றார். பல்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றி, துடைத்து, அதையே திரும்ப மாட்டினார். மறுநாள் காலை தண்ணீர் ஜாடி. பதினோரு மணிக்கு இன்னொரு ஜாடி. பிற்பகல் துண்டு. ஒரே செய்தித்தாளை இரண்டு தடவை கொண்டுவந்து கொடுத்தார். வரும்போதெல்லாம் ஒரு கேள்வி.

“சாப்டீங்களா சார்?”

“இன்னும் இல்லண்ணே.”

“கீழ வாங்க. ரூமுக்கு அனுப்பச் சொல்லாதீங்க. அங்க வந்து உக்காந்து சாப்பிடுங்க, நாலு பேரைப் பாத்த மாதிரி இருக்கும்.”

டிப்ஸுக்காக என்று முதலில் நினைத்தேன். கொடுத்தபோது வாங்கவில்லை. அப்புறம், எழுத்தாளன் என்பதால் மரியாதை என்று நினைத்தேன். அந்த நினைப்பில் இரண்டு நாள் சந்தோஷமாகக்கூட இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் அட்டைப்படம் முடிவானது. மேனேஜர் என்னைவிட இளையவர். எதையும் மேசையைத் தட்டித்தான் சொல்லுவார்.

“வேற யோசனையே வேணாம் சார். லாபிப் படம்தான். அந்தச் சிரிப்புதான் நம்ம ஹோட்டல். பெரியவர் இந்த மாசக் கடைசியில ரிட்டயர் ஆகுறாரு. அவருக்கும் ஒரு மரியாதை செஞ்ச மாதிரி.”

அன்று மாலை பெரியவர் துண்டு இல்லாமல், ஜாடி இல்லாமல், வெறுங்கையோடு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அந்தப் படத்தை அட்டையில போடாதீங்க சார்.”

“ஏண்ணே? நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. அதான் போடாதீங்கன்றேன்.”

காரணத்தை நானே ஊகித்து மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். கூச்சம். படத்தால் தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்ற கோபம். இளமை போன வருத்தம். மூன்றும் தப்பு. மூன்றாவதை இரண்டு பக்கம் வரை இழுத்துவிட்டேன், அதில் கண்ணாடி முன்னால் நின்று தன் நரையைத் தொட்டுப் பார்ப்பதாக ஒரு காட்சிகூட வருகிறது. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

4

ஆறாம் நாள், லக்கேஜ் ரூமில் வைத்துச் சொன்னார். பெட்டிகளுக்கு நடுவே இரண்டு ஸ்டூல். அவர் பேச்சை அப்படியே வைக்கிறேன். என் கை பட்டால் கெட்டுப்போகும்.

அதற்கு முன் அவர்களுடைய ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். பெட்டி வந்ததும் அதற்கு ஓர் அட்டை கட்டுவார்கள். டேக் என்பார்கள். அதில் பாதியைக் கிழித்து ரிசப்ஷனில் சாவி மாட்டும் பலகையில், அந்த அறையின் ஆணியில் தொங்கவிடுவார்கள். எழுத்து வெளியே தெரியும்படி. பெட்டியைத் தூக்கும்போது உள்ளே ஒன்றுமில்லை என்று கைக்குத் தெரிந்தால், டேக்கைத் திருப்பித் தொங்கவிடவேண்டும், வெற்றுப் பக்கம் தெரியும்படி. ரிசப்ஷனில் இருப்பவர் அதைப் பார்த்ததும் ஏதாவது சாக்குச் சொல்லி அறையை மாற்றுவார். ஆட்கள் போய்வரும் இடமாக, கீழ் மாடியாக. அடிக்கடி யாராவது கதவைத் தட்டுவார்கள். இது எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை.

“காலிப் பெட்டியோட ரெண்டு விதமான ஆளுங்கதான் சார் வருவாங்க,” என்றார். “ரெண்டு பேருமே சொல்லாமப் போயிடுவாங்க. ஒருத்தர் பில் கட்டாம வாசல் வழியா போவாரு. அவரைப் பத்தி எங்களுக்குக் கவலை இல்ல.”

இன்னொருவரைப் பற்றி அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

“அன்னைக்கு ஏதோ மாநாடு. காலையில இருந்து பெட்டி மேல பெட்டி. ஒவ்வொண்ணுலயும் புத்தகத்தைத் திணிச்சு வச்சிருக்காங்க. தோள்பட்டை கழண்டு விழுந்துடும்போல இருந்துச்சு. ஹோட்டல்ல கூட்டிட்டு வந்த கேமராக்காரர் வேற லாபியில நின்னுக்கிட்டு, ‘சிரிப்பா, சிரிப்பா’ன்றாரு. எங்க சிரிக்கிறது? நாலு மணி வாக்குல ஒரு அம்மா வந்தாங்க. நாப்பது வயசு இருக்கும். வாட்சை வலது கையில கட்டியிருந்தாங்க. வேற எதுவும் ஞாபகம் இல்ல சார், வாட்சு மட்டும்தான். பெட்டியை வாங்கினேன். வெயிட்டே இல்ல. அப்படியே கையோட வந்துடுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. சத்தியமா சொல்றேன், அவ்வளவு சந்தோஷம். சிரிச்சுட்டேன்.”

கொஞ்ச நேரம் ஒரு பெட்டியின் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அந்தச் சிரிப்புதான் சார் அது.”

“டேக்கைத் திருப்பிப் போட மறந்துட்டீங்களா?”

“முப்பத்தஞ்சு வருஷமா அப்படித்தான் சொல்லிக்கிறேன். மறக்கல. திருப்பிப் போட்டா ரூம் மாத்துவாங்க, ஆள் மாத்தி ஆள் ஏறி இறங்கணும். என்னால முடியல, விட்டுட்டேன். லிஃப்ட்ல அந்தம்மா, ‘உங்களுக்குத்தான் சிரமம்’னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘சிரமமே இல்லம்மா. எல்லாரும் இந்த மாதிரி பெட்டி கொண்டுவந்தா நாங்கல்லாம் நூறு வருஷம் இருப்போம்’னேன். அவங்களும் சிரிச்சாங்க. ஆறாவது மாடி. பெட்டியை உள்ள வச்சுட்டு, கதவை நானே சாத்திட்டு வந்தேன்.”

“அப்புறம்?”

“மறுநாள் பகல் பன்னெண்டு மணிக்கு அந்தக் கதவைத் திறந்தாங்க.”

அவ்வளவுதான் சொன்னார். நானும் அவ்வளவுதான் எழுதுவேன்.

பதினைந்து நாள் கழித்து அந்தப் படம் பெரிதாகி வந்து லாபியில் ஏறியிருக்கிறது. படத்தில் அந்தப் பெண் இல்லை. யார் பெட்டி என்று யாருக்கும் தெரியாது. அவரும் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடமும்கூட.

“எங்கிட்ட ஏண்ணே சொல்றீங்க?”

அவர் என் முகத்தை ஒரு தினுசாகப் பார்த்தார்.

இங்கே ஒன்றை மறைக்க நினைத்தேன், மறைக்கவில்லை. அவர் சொல்லி முடித்தபோது எனக்குள் ஒரு குதூகலம் எழுந்தது. ஆறு நாளாக வராத கதை சும்மா கைக்கு வந்துவிட்டதே என்ற குதூகலம். அது என் உதட்டில் தெரிந்திருக்கும். என் முன்னால் அன்று யாரும் கேமரா வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

5

[இந்தப் பகுதியை அடித்துவிடுவதாக இருந்தேன்.]

முந்தைய ஒரு வரைவில், ஹோட்டலின் பழைய அலமாரியில் அந்தப் படத்தின் வெட்டப்படாத பிரதி எனக்குக் கிடைப்பதாக எழுதியிருந்தேன். அதில் ஓரத்தில் அந்தப் பெண் நிற்கிறாள். அவருடைய சிரிப்பைப் பார்த்து அவளும் லேசாகச் சிரிக்கிறாள். நான் அதைக் கொண்டுபோய் அவரிடம் காட்டுகிறேன், அவர் அழுகிறார், மன்னிப்புக் கிடைத்த மாதிரி இருக்கிறது.

அப்படி ஒரு பிரதி இல்லை. ஏழாம் நாள் முழுக்க அலமாரியைக் குடைந்துவிட்டேன். நெகடிவ்கூட மிஞ்சவில்லை, லாபிச் சட்டத்துக்குள் இருக்கும் ஒரே பிரதிதான். அவளுக்கு நான் வைத்த ஊர், கொடுத்த கடிதம், வீட்டுக்காரனோடு சண்டை, எல்லாம் என் சரக்கு. இருந்தது வலது கையில் ஒரு வாட்ச்சும் காலிப் பெட்டியும்தான். இறந்துபோன ஒருத்தியை நான் மன்னிக்க வைத்திருக்கிறேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

மேனேஜரிடம் போய் அட்டையை மாற்றலாமா என்று கேட்டேன். காரணம் கேட்டார். சொன்னால் பெரியவரின் ரகசியத்தை விற்றதாகும். சொல்லாவிட்டால் என் பேச்சு எடுபடாது. “கொஞ்சம் பழைய படமா இருக்கு” என்று எதையோ உளறினேன். மேனேஜர் சிரித்துவிட்டார். “எழுபத்தஞ்சு வருஷப் புத்தகத்துல புதுப் படமா சார் போடுவாங்க?”

6

இந்த இடத்தில் கதைக்கு ஒரு முடிவு வேண்டும். வைத்திருக்கிறேன், இரண்டு.

முதல் முடிவு: மேனேஜரே மனம் மாறி மாடிப்படி ஓவியத்தை அட்டையில் போடுகிறார். கையில்லாத பெல்பாய். எல்லோருக்கும் நிம்மதி. இதை நான் நம்பவில்லை, நீங்களும் நம்பமாட்டீர்கள்.

இரண்டாம் முடிவு: புத்தகம் அச்சாகி வந்ததும் பிரிவு உபசார விழா. அவருக்குப் பொன்னாடை போட்டு, புத்தகத்தின் முதல் பிரதியைக் கொடுக்கிறார்கள். அதன் அட்டையில், அவருடைய சிரிப்பின் மேலேயே, எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறார். வீட்டில் மனைவி அதை டிவிக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கிறாள். இதுவரைக்கும் லாபியைத் தாண்டினால் படத்திலிருந்து தப்பிக்கலாம். இனிமேல் அதுவும் கிடையாது.

இந்த இரண்டாவது நடக்கக்கூடியது. எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்த ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்பு மாற்ற அவர் வந்தார்.

7

ஒன்பதாம் நாள் காலை கிளம்பினேன். மேனேஜர் ஒரு வேலை கொடுத்தார். தபால் அட்டையிலிருந்து எடுத்தால் அட்டைப்படம் புள்ளி புள்ளியாக வருமாம். அச்சகத்துக்கு அசல் வேண்டுமாம். அச்சகம் நான் போகும் வழியில்தான். “நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடுங்க சார். முப்பதாம் தேதிக்குள்ள போயிடணும்” என்றார்.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கியவர் பெல்பாய் 4. இரண்டு துண்டில் சுற்றினார். என் பெட்டியைத் திறந்தார். ஒரு சட்டை, ஒரு நோட்டு. சட்டையை ஓரமாக ஒதுக்கிவிட்டு சட்டத்தை உள்ளே படுக்கவைத்தார். அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ரிசப்ஷனில் சாவியைக் கொடுத்தேன். அங்கே இருந்த பெண் பலகையிலிருந்து என் அறையின் டேக்கைக் கழற்றினாள். அப்போதுதான் கவனித்தேன். வெற்றுப் பக்கம் வெளியே தெரிந்தது. ஒன்பது நாளும் அது அப்படியேதான் தொங்கியிருக்கிறது.

ஏசி. பல்பு. இரண்டு ஜாடி. கீழே வந்து சாப்பிடுங்க. இத்தனை நாள் நான் அவரை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணே,” என்றேன். “நான் அதுக்கு வரல.”

“சரி சார்.”

“சும்மா எழுதத்தான் வந்தேன்னு நினைக்கிறேன்.”

[‘நினைக்கிறேன்’ என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று இதை எழுதும்போது யோசித்தேன். இருக்கட்டும்.]

“சரி சார்,” என்றார் மறுபடியும். “வீட்டுல யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. அக்கா ஒருத்தி இருக்கா, வேற ஊர்ல. போன் பண்ணிக்கிட்டே இருப்பா. நான்தான் எடுக்கிறதில்ல.”

“எடுங்க சார். எடுத்து, இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற என்ன கேக்கப்போறாங்க?”

பெட்டியைத் தூக்கினார். கண்ணாடியும் மரமுமாக அது நல்ல கனம். தோள் ஒரு பக்கம் இறங்கியது. இரண்டடி நடந்து கையை மாற்றிக்கொண்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கவில்லை.

“இப்ப வெயிட் இருக்கு சார்,” என்றார், திருப்தியாக. டாக்சியில் வைத்துவிட்டு ஜன்னலில் குனிந்தார். “போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க. பெல் டெஸ்க்குக்குப் பண்ணுங்க, நான்தான் எடுப்பேன். முப்பதாம் தேதி ஆறு மணி வரைக்கும் இருப்பேன்.”

8

இன்று முப்பது. மணி நாலேகால்.

அச்சகத்துக்குப் போகவில்லை. படம் என் மேசைக்கு எதிரே, சுவரில் சாய்ந்து நிற்கிறது, துண்டு பாதி விலகி. அச்சகத்திலிருந்து நான்கு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். மேனேஜர் இரண்டு தடவை. ஆறு மணிக்குக் கொடுத்தாலும் அச்சில் ஏற்றிவிடலாமாம். கொடுக்காவிட்டால் அட்டைக்கு ஓவியம்தான், வேறு வழியில்லை என்கிறார்கள். கொடுத்தால் அது அவர் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். கொடுக்காவிட்டால் அந்த அம்மா உலகத்தில் இருந்ததற்கு அடையாளமாக மிஞ்சியிருக்கும் ஒரே பெட்டியையும் ஒளித்துவைத்தவன் ஆவேன். அதோடு, நான் இதையெல்லாம் எழுதிவிட்டேன். அவர் யாரிடமும் சொல்லாததை நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பை நான் ஏற்கெனவே அட்டையில் போட்டுவிட்டேனோ என்னவோ.

எனக்குத் தெரியவில்லை. இங்கே ஒரு முடிவு எழுதி மூன்று தடவை அடித்தாயிற்று. மூன்றிலும் நான் நல்லவனாக இருக்கிறேன்.

எப்படியும் இது உங்கள் கைக்கு வரும்போது அந்தப் புத்தகமும் வந்திருக்கும். எந்த லாபியிலாவது காத்திருக்கும்போது மேசையில் கிடந்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தால் நான் செய்தது சரியா என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். கையில்லாத பையன் நின்றுகொண்டிருந்தாலும் அப்படியே.

படத்தின் விஷயத்தை உங்களிடம் விடுகிறேன். அந்தப் போனை மட்டும் நான் செய்யவேண்டும். ஆறு மணிக்கு அவர் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிடுவார், அப்புறம் அந்த நம்பரில் வேறு யாராவது எடுப்பார்கள். நான் வந்து சேர்ந்து இரண்டு நாள் ஆகிறது. இன்னும் பண்ணவில்லை.

அவர் மேசையை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பார்.